சுவரில் நான் போட்ட நான்கு ஓட்டைகள்

தாளின் தலைப்பில் உள்ள பெயரும் முகவரியும் என்னுடையவையே. வயது முப்பத்தாறு. இரும்புச் சாமான் கடையில் விற்பனைக்கு நிற்கிறேன். மூன்றாம் மாடி வாடகை வீட்டில் எட்டு வயது மகளோடு குடியிருக்கிறேன். நான் தன் காலைப் பிடித்து இழுத்து முன்பல்லை உடைத்துவிட்டதாக வீட்டு உரிமையாளர் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரைப் படித்துக் காட்டினார்கள். இழுத்தது உண்மை.

போன வருடம் லேசாக நிலம் ஆடியதிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. பரண்மேல் இருந்த கனமான பெட்டிகளை இறக்கினேன். மகளின் கட்டிலை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போட்டேன். டார்ச், தண்ணீர், மருந்து எல்லாம் வைத்து ஒரு பை கட்டினேன். அதன் பிறகு இரும்பு பீரோவைப் பட்டை வைத்துச் சுவரோடு முடுக்கினேன். அதற்காக நான்கு ஓட்டைகள் போட்டேன். உரிமையாளரைக் கேட்கவில்லை, கேட்டால் விடமாட்டார். வாரம் ஒருமுறை நான் "ஆடுது" என்று கத்துவேன். மகள் மேஜைக்கடியில் புகுந்து, தலையை மூடி, மேஜைக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் நிற்கும்வரை யார் கூப்பிட்டாலும் வெளியே வரக்கூடாது. குடியிருப்பில் எனக்கு 'நிலநடுக்கம்' என்றே பட்டப்பெயர்.

நேற்றுப் பள்ளி விடுமுறை. காலை பதினொன்றரை மணிக்கு உரிமையாளர் திருப்புளியோடு வந்தார்.

"ஏம்மா, இது சுவரா சல்லடையா?" என்றார். நான் கெஞ்சக் கெஞ்ச நான்கு திருகாணிகளையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "பூமி ஆடினா நான் பாத்துக்கறேன், போய் வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார். நானும் சண்டை போட்டுக்கொண்டே பின்னால் போனேன்.

அப்போதுதான் ஆடியது! மின்விசிறி சுவரை எட்டி எட்டிப் பார்த்தது. மகள் ஒரே பாய்ச்சலில் மேஜைக்கடியில் போய்விட்டாள். உரிமையாளர் வெளிப்படிக்கட்டுக்கு ஓடினார். "படியில போகாதீங்க சார்!" என்று கத்தியும் கேட்காததால் அவர் காலைப் பிடித்து இழுத்தேன். நிலைப்படியில் முகம் மோதிப் பல் போனது. அடுத்த மூச்சில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் இடிந்து படிக்கட்டு முழுக்கச் செங்கல் கொட்டியது.

அதன் பிறகு நடந்தது புகாரில் இல்லை. மேஜை கிடுகிடுவென்று ஆடுவதைப் பார்த்ததும் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. "ஓடி வாடி, அம்மாகிட்ட ஓடி வா!" என்று அலறினேன். ஒரு வருடம் சொல்லிக்கொடுத்த நானே கூப்பிட்டேன்.

"வரமாட்டேன்! இன்னும் நிக்கலை!" என்று அவள் திருப்பிக் கத்தினாள்.

நான் மறுபடி கூப்பிட்டேன். அவள் வரவில்லை. எனக்கும் மேஜைக்கும் நடுவில் பீரோ குப்புற விழுந்தது.

ஆட்டம் நின்ற பிறகு பீரோவைத் தாண்டிப் போனேன். உரிமையாளர் வாயைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மகள் மேஜைக் காலை விடாமல், "நீ கூப்பிட்டும் வரலைன்னு கோவமாம்மா?" என்று கேட்டாள்.

பல்லுக்கு என்ன தண்டனையோ ஏற்றுக்கொள்கிறேன். அவளை நான் இரண்டு முறை கூப்பிட்டேன் என்பதையும் எழுதச் சொன்னது நான்தான்.

எழுதியதைப் படிக்கக் கேட்டேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை என்று அறிந்து கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்)