பதினொரு விநாடியில் பேசியவர்

பெயர்: டெல்ஃபீன் ஜோசார். வயது: 57. முகவரி: 214, செயின்ட் ஹூபர்ட் சாலை, லாஃபோர் கவுண்டி, விஸ்கான்சின். தொழில்: கவுண்டி (மாவட்ட) நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர். ஏப்ரல் 7, திங்கட்கிழமை, முற்பகல் 10.15 மணிக்கு ஷெரிஃப் அலுவலகத்தில் புலனாய்வாளர் ஆரின் ஸ்ட்ரோபல் முன் ஆஜராகிச் சொன்னது.

நான் மேற்கண்ட முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். நீதிமன்றத்தில் பேசப்படுவதை இயந்திரத்தில் சுருக்கெழுத்தாகப் பதிவு செய்வது முப்பத்தொரு வருடமாக என் வேலை. கடைசிப் பன்னிரண்டு வருடமாக நீதிபதி நார்பெர்ட் வாண்டஹேயிடம் இருக்கிறேன். அவருக்கும் எனக்கும் உறவோ பகையோ கிடையாது.

நீதிபதி பால்பண்ணைக் குடும்பத்தில் ஏழு பிள்ளைகளில் மூத்தவர். பாதிரியாராகப் படிக்க இரண்டு வருடம் குருமடத்தில் இருந்துவிட்டு வெளியே வந்து சட்டம் படித்து, ஒன்பது வருடம் அரசு வழக்கறிஞராக இருந்தார். இந்த வருடம், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்குத் தேர்தலில் நின்றார். பழமைவாதிகள் எல்லாரும் அவர் பக்கம். சட்டத்தில் எழுதியிருப்பதோடு ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார் என்று பெயர் எடுத்தவர். வக்கீல்கள் இரக்கம், மனசாட்சி என்று தொடங்கினால், "அது எந்த வரியில இருக்கு, காட்டுங்க" என்பார்.

பிப்ரவரி 12, புதன்கிழமை, பிற்பகலில் ஒரு உயில் வழக்கு வந்தது. இறந்துபோன விவசாயி கிளெமென்ட் பாட்வின் தன்னை இருபத்திரண்டு வருடம் பார்த்துக்கொண்ட இர்மா லாம்பரூருக்கு வீட்டை எழுதி வைத்திருந்தார். கிளெமென்டின் அக்கா மகன் ராட்னி ஜெனெஸ் அதை எதிர்த்தார். உயிலுக்கு இரண்டு சாட்சிகளின் கையெழுத்து வேண்டும் என்பது சட்டம். அதில் ஒன்றுதான் இருந்தது. இருதரப்பு வாதமும் முடிந்த பிறகு, 2.40 மணிக்கு நீதிபதி வழக்கம்போல, "வேற யாராவது பேசணுமா?" என்று கேட்டார்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு ஆண் குரல், "நான் பேசணும் ஜட்ஜ்" என்றது. வேலை செய்யும்போது நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பெயரைச் சொல்லும்படி கேட்க வாயெடுப்பதற்குள் அவரே, "கிளெமென்ட் பாட்வின். நடுவுல ஒரு ஹெச் வரும், எல்லாரும் விட்டுடறாங்க" என்றார். அதன் பிறகு மேலும் சில வரிகள் பேசினார். அவசரமில்லாத குரல். எல்லாவற்றையும் பதிவு செய்தேன். அதன் பிறகு நீதிபதி, "நன்றி, உட்காருங்க" என்றார். அதன் பிறகுதான், பேசியவர் பெயர் எனக்கு உறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். கடைசி வரிசையில் யாரும் இல்லை.

வாசலில் நின்ற நீதிமன்றக் காவலர் டுவேனிடம் பிறகு விசாரித்தேன். "யாரும் வரல, யாரும் போகல. நீ காபியைக் கொஞ்சம் குறைச்சுக்கோ டெல்ஃபீன்" என்றார். கிளெமென்டை நான் உயிரோடு பார்த்ததில்லை. வழக்குத் தாள்கள் எதிலும் அவர் பெயரில் ஹெச் கிடையாது. மறுநாள் மதியம் தேவாலயக் கல்லறைக்குப் போய்ப் பார்த்தேன். கல்லில் அந்த ஹெச் இருந்தது.

பிப்ரவரி 19 அன்று நீதிபதி உயில் செல்லாது என்று தீர்ப்பளித்தார். இர்மாவின் வக்கீல் என் பதிவை இணைத்து மேல்முறையீடு செய்தார். நான் பொய்ப் பதிவு செய்ததாக ராட்னி புகார் கொடுத்தார். அதன் பேரில் ஸ்ட்ரோபல் என்னை அழைத்து நீதிமன்ற ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். நீதிபதியின் கேள்விக்குப் பிறகு பதினொரு விநாடி எந்தச் சத்தமும் இல்லை. அதன் பிறகு, "நன்றி, உட்காருங்க" என்று நீதிபதியின் குரல் மட்டும் இருக்கிறது. ஸ்ட்ரோபல் அதை மூன்று முறை போட்டார். நான்காம் முறை போடவில்லை.

அதன் பிறகு நீதிபதியின் தேர்தல் வேலையைக் கவனித்த ட்ரெவர் என்பவர் எனக்குப் போன் செய்து, "ஏதோ தப்பாக் காதுல விழுந்துடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க மேடம். புகாரும் போயிடும், ஜட்ஜும் ஜெயிச்சிடுவாரு" என்றார். நான் நீதிபதியின் அறைக்குப் போய் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"உங்க காதுல விழுந்ததா?" என்றார்.

"விழுந்தது."

"அப்புறம் ஏன் என்னைக் கேக்கறீங்க?"

அவர் காதில் விழுந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து தேவாலயக் கூடத்தில் விருந்து. அண்டாவில் கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நீதிபதி ஓட்டுக் கேட்டுப் பேசி முடித்ததும், பால் வண்டி ஓட்டும் ஒருவர் எழுந்து, "ஏன் ஜட்ஜ், உங்க கோர்ட்ல இப்பல்லாம் செத்தவங்க வந்து சாட்சி சொல்றாங்களாமே? அவங்களுக்கும் ஓட்டு இருக்கா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீதிபதி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"பதிவு சரியாத்தான் இருக்கு. நானும் கேட்டேன்" என்றார்.

அந்த ஓட்டுநர் மெதுவாக, "கேட்டுமா அந்தம்மாவை வீட்டை விட்டுப் போகச் சொன்னீங்க?" என்றார்.

"சட்டம் ரெண்டு கையெழுத்து கேக்குது. குரலைக் கேக்கல. செத்தவர் வந்து சொன்னார்னு நான் ஒரு வரியை மாத்தினா, நாளைக்கு உயிரோட இருக்கிறவன் எவன் சொன்னாலும் மாத்தணும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டார்கள். ஏப்ரல் 1 அன்று அவர் தோற்றார். எங்கள் கவுண்டியிலும் தோற்றார். மறுநாள் எட்டரை மணிக்கு வழக்கம்போல ஆசனத்தில் இருந்தார்.

ஏப்ரல் 5, சனிக்கிழமை காலை, இர்மா வீட்டைக் காலி செய்தார். நானும் உதவிக்குப் போயிருந்தேன். பத்து மணிக்கு நீதிபதி தன் சொந்த பிக்கப் வண்டியில் வந்து, யாரிடமும் பேசாமல் சாமான்களைத் தூக்க ஆரம்பித்தார். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது ஒரு நீதிபதி அப்படிச் செய்யக் கூடாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதையும் எழுதிக்கொள்ளும்படி ஸ்ட்ரோபலிடம் சொன்னேன்.

இர்மாவுக்குக் காது மந்தம். என்னை அருகில் அழைத்து, "கிளெமென்ட் என்னதான் சொன்னாரு? யாரும் எனக்கு முழுசாச் சொல்லல" என்றார். என் பையிலிருந்த நகலை எடுத்துச் சத்தமாகப் படித்தேன். "காகிதம் நான் எழுதினதுதான். வீடு இர்மாவுக்கு. ரெண்டாவது சாட்சிக்கு லியோவை வரச் சொல்லியிருந்தேன். அன்னிக்குப் பனி, அவன் வரல. சாயங்காலம்வரைக்கும் ஜன்னல்லயே உக்காந்திருந்தேன்."

இர்மா கேட்டுவிட்டு, "பனியா? எங்க பெஞ்சுது பனி? லியோவோட வண்டி டயர் வெடிச்சுருச்சு. இந்த மனுஷனுக்கு எந்தக் காலத்துலயும் எதுவும் சரியா ஞாபகம் இருந்ததில்ல. மாத்தி எழுதிடு" என்றார்.

"முடியாது இர்மா. அவர் பனின்னுதான் சொன்னாரு."

"ஆமா, அப்படித்தான் சொல்லியிருப்பாரு" என்று சொல்லிவிட்டு இர்மா போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். நீதிபதி சமையலறை அடுப்பின் ஒரு முனையைத் தூக்கியபடி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். அவர் அதைக் கீழே வைக்கவில்லை. அது கனமான அடுப்பு.

இவ்வளவே எனக்குத் தெரியும். காதில் விழுந்ததற்கு மேல் எதையும் சேர்க்கவில்லை, விழுந்ததில் எதையும் விடவில்லை. பதிவிலிருந்து அந்த வரிகளை நீக்க எனக்குச் சம்மதம் இல்லை. ஸ்ட்ரோபல் வாசித்துக் காட்ட, நானும் ஒருமுறை படித்துப் பார்த்து, உண்மையென்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) டெல்ஃபீன் ஜோசார்