முதல் நாள் முகம்

மோர்ச்சோறு இல்லாமல் எனக்கு மதியச் சாப்பாடு இறங்காது. அதைத் தேடி வாங்கிவந்து கொடுத்த ஏட்டையாவுக்கு முதலில் நன்றி. எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை. நானும் அடிதடிக்காரன் இல்லை. அந்த மில்லில் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் ஒரு பெண்ணிடமும் குரலை உயர்த்திப் பேசியது கிடையாது. வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

என் பெயர் துளசிராம். வயது முப்பத்து நான்கு. மதுரையில் குடியிருக்கிறேன். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், வெளியில் தமிழ். கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில், திருச்சி ரோட்டை ஒட்டிய நூற்பாலையில் 2003 முதல் எனக்கு மின்னணுக் கருவிகளைப் பராமரிக்கும் வேலை. நானூறு பெண்கள் அங்கேயே விடுதியில் தங்கி வேலை செய்தார்கள். மூன்று வருஷ ஒப்பந்தம். அது முடிவதற்குள் கேட்டைத் தாண்ட வேண்டுமென்றால் அலுவலகத்தில் சீட்டு வாங்கவேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவள் திரும்பி வருவாளா மாட்டாளா என்பதுதான் முதலாளிக்கு ஓயாத தலைவலி. விடுதி வார்டன் சுந்தரம்மாள் அடிக்கடி சொல்வார்: "இவளுகளுக்கு வாரது வயித்து வலி இல்ல தம்பி, வீட்டு வலி."

அந்தத் தலைவலிக்கு வழி கண்டுபிடித்தவன் நான்தான். சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தபோது ஒரு மென்பொருளைப் பார்த்தேன். கேமரா முன்னால் ஆளை உட்காரவைத்தால் போதும். புருவமும் கண்ணும் உதடும் அசைவதைக் கணக்கிட்டு சந்தோஷம், துக்கம், பயம், சாந்தம் ஒவ்வொன்றும் நூற்றுக்கு எவ்வளவு என்று சொல்லிவிடும். விரலில் மாட்டும் கிளிப்பை நானே செய்தேன். நாடித் துடிப்பும் உள்ளங்கை வியர்வையும் அதில் தெரியும். இந்த அளவைப் பார்த்துக் கேட் சீட்டு எழுதுவதும் என் பொறுப்பானது. எங்கள் கேமரா மலிவானது, முகம் எங்கே இருக்கிறது என்றே அதற்குப் பிடிபடவில்லை. அதனால் எல்லாப் பெண்களும் ஒரே அளவுக் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு வைக்கவேண்டும் என்று விதி போட்டேன். ஜெபமாலை போட்ட பெண்களும் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தியும் மறுத்துப் பேசவில்லை.

ஒவ்வொருவருக்கும் முதலில் ஒரு இயல்பு முகத்தைப் பதிந்துகொள்ள வேண்டும். பிறகு அதிலிருந்து எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கணக்கு. ஆரம்பத்தில், வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் பழகிய பிறகு பதிந்தேன். மாதம் போகப்போகத் திரையில் எல்லாருடைய சந்தோஷக் கோடும் இறங்கியது. முதலாளிக்கு முகம் சுண்டிவிட்டது. நூல் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வரும் நேரம் அது. இரண்டு நாள் யோசித்து, பதியும் நாளை மாற்றினேன். பெண் வந்து சேரும் நாளிலேயே, கூட வந்தவர்கள் வெளியே போய்க் கேட்டில் பூட்டு விழுந்ததும், கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட விடாமல் அழைத்து வந்து பதிந்தேன். அதற்குப் பிறகு ஒரு கோடும் இறங்கவில்லை. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, என் சொந்த யோசனை. வெளிநாட்டுக்காரர்கள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

பவதாரிணி பேரையூர்ப் பக்கத்துப் பெண். பதினேழு வயது, பத்தாவது தேறியவள். அவளுடைய அப்பா ஆண்டிச்சாமி காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் கூலிக்கு உழைத்தவர். அப்போதுதான் சொந்தமாக அரை ஏக்கர் வாங்கி மிளகாய் போட்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்த எட்டாவது மாதம், அளவு எடுக்க வந்து உட்கார்ந்த பவதாரிணி திரையில் ஏறிப் போகும் தன் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சார், அழுத மூஞ்சிய வச்சு அளந்தா, எந்த மூஞ்சியும் சிரிச்ச மூஞ்சியாத்தான சார் தெரியும்?"

பின்னால் வரிசையில் பத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பொங்கலுக்கு அவளுக்குச் சீட்டு கிடைக்காமல் போனதற்குக் காரணம் அவளுடைய வியர்வைக் கணக்கு சரியில்லாததுதான்.

போன ஆகஸ்டில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவளுக்கு வயிற்று வலி வந்தது. வலப்பக்கம், கீழே. சுந்தரம்மாள் அவளை என் அறைக்குக் கூட்டிவந்தார். விடுதியில் யார் எந்த வலி என்று சொன்னாலும் முதலில் என்னிடம்தான் வரவேண்டும். நாற்காலியில் உட்காரவைத்துக் கிளிப்பை மாட்டினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண் இடுங்கியிருந்தது, வாய் இரண்டு பக்கமும் இழுத்திருந்தது. சந்தோஷம் தொண்ணூற்றொன்று என்று காட்டியது. நாடி ஏகமாக ஓடியது. சந்தோஷத்தோடு நாடியும் ஓடினால் அதற்கு உற்சாகம் என்று பெயர்.

"சிரிக்கல சார். வலிக்குது."

"நானாம்மா சொல்றேன்? மெஷின்ல சொல்லுது பாரு."

"மெஷினுக்கா சார் வலிக்குது?"

கேன்டீனில் இருந்து ஒரு சோடா வாங்கிக் கொடுத்துப் படுக்கச் சொன்னேன். புதன்கிழமையும் அளவெடுத்தேன். தொண்ணூற்று மூன்று.

எப்படியோ தகவல் போய், வியாழன் மதியம் ஆண்டிச்சாமி வந்துவிட்டார். பஸ் மாறி மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"பிள்ளைய ஒரு எட்டு ஆஸ்பத்திரியில காட்டிட்டு, நானே கொண்டாந்து விட்டுட்டுப் போறேன் சார். அம்புட்டுத்தான். மூணு வருசம்னு கைநாட்டு வச்சிருக்கேன், வாக்கு மாற மாட்டேன்."

அவரைக் காவலாளி அறையில் உட்காரவைத்து, மகளின் அளவுத் தாளைக் காட்டிப் பொறுமையாக விளக்கினேன். அவர் கோட்டைப் பார்க்கவே இல்லை. அதற்குக் கீழே அச்சாகியிருந்த படத்தைத்தான் பார்த்தார்.

"இது சிரிப்பு இல்ல சார். எம்மக சிரிச்சா வாயப் பொத்திக்கிருவா. சின்னதுல இருந்தே அப்படித்தான்."

கை முகத்தை மறைத்தால் கேமரா குழம்பும் என்பதால், இரண்டு கையும் மடியில் இருக்கவேண்டும் என்று நான்தான் விதி போட்டிருந்தேன். அந்த விதி வந்ததிலிருந்து என் முன்னால் உட்கார்ந்த ஒரு பெண்ணும் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்த இடத்தில் நான் மழுப்பக்கூடாது. அவர் சொன்ன உடனே எனக்குப் புரிந்துவிட்டது. அறைக்குத் திரும்பிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது வலிதான், குழந்தைகூடச் சொல்லிவிடும். சீட்டு எழுத எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். பேனாவைக்கூட எடுத்தேன். ஆனால் இவள் கோடு தப்பு என்றால் நானூறு கோடும் தப்பு. பத்துப் பேர் முன்னால் அவள் கேட்ட கேள்விதான் சரி என்று ஆகிவிடும். பேனாவை மூடி வைத்தேன்.

மகள் ஷிப்டில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்று ஆண்டிச்சாமியிடம் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் இங்கனயே இருக்கேன் சார். கேட்டத் தொறந்தா மொதல்ல நான் நிப்பேன்ல."

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் துண்டை விரித்து உட்கார்ந்தார். மாலை ஆறு பத்துக்கு என் பஸ். நான் வெளியே வந்தபோது எழுந்து நின்று கும்பிட்டார். நானும் கும்பிட்டுவிட்டு ஏறிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சுந்தரம்மாள் ஓடிவந்தார்.

"தம்பி, பிள்ள பேச மாட்டேங்குது. கேட்டத் தொறக்கச் சொல்லுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

முறை என்று ஒன்று இருக்கிறது. முதலில் அளவெடுக்க வேண்டும் என்றேன். இரண்டு பெண்கள் அவளைத் தூக்கிவந்து நாற்காலியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்கள். பல் கடிக்கவில்லை, புருவம் சுருங்கவில்லை. விரலில் எதுவும் வரவில்லை. கிளிப் கழன்றிருக்கும் என்று அடுத்த விரலுக்கு மாற்றினேன். அதிலும் வரவில்லை. அதற்குள் சுந்தரம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். பிறகுதான் கேட்டைத் திறக்கச் சொன்னேன். சொன்னபடியே ஆண்டிச்சாமிதான் முதலில் நின்றார்.

குடல்வால் வெடித்துவிட்டது, புதன்கிழமை கொண்டுவந்திருந்தால்கூடப் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள். இருக்கலாம். முதலாளிக்கும் வார்டனுக்கும் இதில் சம்பந்தம் இல்லை. கேட்டைத் திறக்கவிடாமல் வைத்திருந்தது நான். வலி என்று தெரிந்த பிறகும் வைத்திருந்தது நான். கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவள் துடிதுடித்துச் செத்தாள் என்று ஆண்டிச்சாமி ஊரெல்லாம் சொல்லி அழுகிறாராம். பெற்றவர், ஆற்றாமையில் பேசுகிறார். வெள்ளிக்கிழமை பதினொன்று இருபதுக்கு எடுத்த தாளை இதோடு சேர்த்து வையுங்கள். பயம் பூஜ்யம். துக்கம் பூஜ்யம். சாந்தம் நூறு. நானூறு பேரில் நூற்றுக்கு நூறு எடுத்தவள் அவள் ஒருத்திதான். அவள் நிம்மதியாகத்தான் போனாள், என்னிடம் அளவு இருக்கிறது.