இருபத்துமூன்றாம் டப்பாவில் மண்

காலை நாலே முக்கால். அலாரம் அடிப்பதற்குள் சாஜித் அதை அணைத்துவிடுவான். பல் தேய்ப்பான், இரண்டு நிமிடம். தொழுவான். பால் இல்லாத டீ. ஒரு டம்ளர். ஐந்தே காலுக்கு வீட்டைப் பூட்டுவான். எட்டு மாதமாக இப்படித்தான்.

சேலையூர் ஏரிக்கரை ரோட்டில் அந்த நேரத்துக்கு ஒரு வண்டி இருக்காது. விளக்கு பாதிதான் எரியும். அதைத் தாண்டித்தான் அவன் லேப்.

சாஜித் யார் என்று கேட்காதீர்கள், சொல்கிறேன். நம் நண்பன் பென்னியோடு ஒரே அறையில் இருந்தானே அசார், அவனுடைய அக்கா இரம். இரமின் கணவன் சாஜித். அசாரிடமே சாஜித் சொன்னது இது.

பல் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறான். பிடுங்கிய நல்ல பற்கள் நாற்பது, நாற்பது டப்பாக்களில். வேரை ரோஸ் நிற மெழுகால் மூடி, மேல்பாகத்தை மட்டும் திறந்து வைத்திருப்பார்கள். காலையில் ஆறு மணி நேரம் அமிலம்... பல் அரிக்கத் தொடங்கும். பிறகு அவன் தயாரித்த பசையைத் தடவி, எச்சில் மாதிரியான ஒரு திரவத்தில் மறுநாள் வரை ஊறப்போடுவான். எனாமல் திரும்பக் கெட்டிப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். முப்பது நாள். ஒரு நாள் தவறினாலும் முதலிலிருந்து.

பத்தாம் நாள் காலை. இருபத்துமூன்றாம் டப்பாவைத் திறந்தான். அடியில் மண்.

ஒரு சிட்டிகைதான். செம்மண். ஈரம். செடிக்குத் தண்ணீர் விட்டால் வருமே, அந்த வாசனை... ஸ்பிரிட் நெடி அடிக்கும் அறையில் அது தனியாக வந்தது.

கழுவினான். திரவத்தை மாற்றினான். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் மீண்டும் மண். அதே டப்பா. பக்கத்தில் இருபத்திரண்டும் இருபத்துநான்கும் சுத்தமாக இருந்தன.

லேப் சாவி இரண்டு பேரிடம்தான் இருந்தது. இவனிடம் ஒன்று. அறையைக் கூட்டித் துடைக்க வரும் உதயாவிடம் ஒன்று. அஸ்தினாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். கான்ட்ராக்ட் வேலை. புகார் ஒன்று போனால் போதும், அடுத்த நாள் வேறு ஆள்.

"உதயாக்கா, டப்பாவைத் தொட்டீங்களா?"

"நான் இன்னாத்துக்கு சார் செத்த பல்லத் தொடப்போறேன்? என் வாயிலயே ரெண்டு ஆடிக்கினு கீது, அத்தப் பாக்கவே நேரம் இல்ல."

"மண்ணு விழுந்திருக்கு."

"மாடியில மண்ணுக்கு எங்க சார் போறது? தொட்டியில ஒரு செடி கூட இல்ல இங்க."

அவள் சொன்னது சரிதான். ஆனால் அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தான். காய்ந்திருந்தது. கழுவியிருப்பாள் என்று நினைத்தான்.

பேராசிரியர் ஷ்யாம்சுந்தரிடம் போனான். "எழுதிக் குடுங்க, ஆளை மாத்திடலாம்" என்றார் அவர். எழுதினான். சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம்.

அன்று உதயாவின் சாவியை வாங்கிக்கொண்டான். இருபத்துமூன்றின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, டேப்பின் மேல் கையெழுத்துப் போட்டான். இரண்டு சாவியும் ராத்திரி அவன் தலையணைக்கடியில்.

காலையில் டேப் அப்படியே இருந்தது. கையெழுத்து அப்படியே. பிரித்தான். டக் என்று மூடி திறந்தது.

பாதி டப்பா மண்.

விரலால் துழாவிப் பல்லை எடுத்தான். மெழுகைக் காணோம். சுரண்டவில்லை, வெட்டவில்லை... உரித்திருந்தது. மெழுகைப் பூசியது ஜூனியர் ஸ்ம்ருதி. அதனால் அந்த வேரை அவன் முதல் முறையாக அன்றுதான் பார்த்தான். நுனி கொக்கி மாதிரி உள்பக்கம் வளைந்திருந்தது.

அந்தக் கொக்கியை எக்ஸ்ரேயில் பார்த்திருக்கிறான்.

போன வருடம் இரமுக்கு ஞானப்பல் எடுத்தார்கள், கேம்ப் ரோட்டில் ஒரு கிளினிக்கில். வாயில் பஞ்சோடு அவள் இவனிடம் சொன்னாள், பல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து புதைத்துவிடச் சொல்லி. அவர்கள் வீட்டில் நகம், முடி, பல் எதையும் வெளியே எறிய மாட்டார்கள். சரி என்றான். ஆனால் சொத்தை இல்லாத பல் ஆராய்ச்சிக்குக் கிடைப்பது கஷ்டம். பிடுங்குவதெல்லாம் சொத்தைதானே. லேபுக்காக அங்கே வைத்திருந்த பாட்டிலில் போட்டுவிட்டான். பெயர் எழுத மாட்டார்கள், பத்து கிளினிக் பற்களோடு கலந்துவிடும். வீட்டில் அவள் கேட்டபோது, பின்பக்கம் செம்பருத்திக்குக் கீழே புதைத்தாகிவிட்டது என்றான்.

உதயா வந்ததும் சாவியைக் கொடுத்தான்.

"இன்னா சார், கண்டுபிடிச்சிட்டியா?"

"நீங்க இல்லக்கா."

"அத்தான் நேத்தே சொன்னேனே. அப்போ யாரு?"

அவன் பையிலிருந்த புகாரைக் கிழித்தான். நோட்டில் இருபத்துமூன்றை அடித்தான். பல்லைக் கையில் மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

செம்பருத்திக்குக் கீழே ஏற்கெனவே குழி இருந்தது. ஒரு சாண் ஆழம். கடப்பாரை படவில்லை, கரண்டி படவில்லை. ஓரத்தில் நாலு விரல் இழுத்த தடம். எட்டு மாதமாக யாரும் தண்ணீர் விடாத இடம். மண் ஈரமாக இருந்தது.

பல்லைப் போட்டு மூடினான். உள்ளங்கையால் அழுத்தினான். கையை எடுக்க நேரமானது என்று அசாரிடம் சொன்னான்.

இரம் உயிர் போகும்போது கடைசியாகக் கலிமா சொன்னாள் என்றுதான் அதுவரை எல்லோரிடமும் சொல்லியிருந்தான். அன்றுதான் அசாரிடம் உள்ளதைச் சொன்னான். டெங்கு. ஐசியூவில் பதினோரு நாள். அவள் கட்டிலை விட்டு ஒரு முறைகூட இறங்கவில்லை. பதினோராம் நாள் விடியற்காலை அவளுடைய நகங்களைத் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸ், பஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பஞ்சு சிவப்பாக இருந்தது. அது ரத்தம் இல்லை.

இரம் மாஸ்க்கைத் தானே நகர்த்தினாள். கோபமே இல்லை குரலில்.

"செம்பருத்திக்குக் கீழ தோண்டிப் பாத்தேங்க. அங்க இல்லியே."