ரகசிய ஆபீஸ் ஸ்டாப்

செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகும் டவுன் பஸ்ஸில், என் முன் சீட்டில் டிபன் கேரியரும் புது யூனிஃபார்முமாக ஒரு செக்யூரிட்டி உட்கார்ந்திருந்தார். எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்டார்.

“அதச் சொல்லக்கூடாதுங்க. கவர்மென்ட் ரகசியம்.”

“அந்த முள்வேலி போட்ட ஆபீஸா? ரகசிய ஆபீஸ் ஸ்டாப்னு கேட்டா டிக்கெட் குடுக்கப்போறேன்.”

“ஐயோ, மெதுவாப் பேசுங்க!”

வேர்க்கடலை மூட்டையோடு நின்ற பெண் சிரித்துவிட்டார். “இன்னாப்பா ரகசியம்? எம் பொண்ணு கல்யாணப் பத்திரிகையிலயே ‘ரகசிய ஆபீஸ் எதிரில்’னுதான் வழி போட்டோம். ஒருத்தரும் வழி தப்பல.”

“செல்லுல மேப்புலயும் இருக்குது” என்றார் கண்டக்டர்.

செக்யூரிட்டிக்கு வேர்த்துவிட்டது. “அங்க ஆபீஸ் இருக்குதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது? நான் மேல ரிப்போர்ட் பண்ணணும்.”

“உங்க ஆபீசருதான். வேலைக்கு வந்த மொத நாளு வழி தெரியாம எங்கிட்டதான் கேட்டாரு” என்றார் கண்டக்டர்.

“அது கெடக்கட்டும், உள்ள இன்னாதான் இருக்குது?” என்று கேட்டார் அந்தப் பெண்.

“அது எனக்கே தெரியாதுக்கா.”

பஸ் சரியாக அந்த கேட்டுக்கு முன்னால் நின்றது. “ரகசிய ஆபீஸ் எல்லாம் எறங்கு!” மொத்த பஸ்ஸும் செக்யூரிட்டியையே பார்த்தது. அவர் அசையவில்லை.

“எனக்கு அடுத்த ஸ்டாப்புங்க.”

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, கேரியரைத் தூக்கிக்கொண்டு, வந்த வழியே வெயிலில் திரும்பி நடந்தார். வேர்க்கடலைக்காரப் பெண் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினார்:

“நாங்க யாரும் பாக்கலப்பா, தைரியமாப் போ!”