உட்காராமலே விதி திருத்திய எங்கள் அக்காவுக்கு

அன்பின் ஊற்றே! அயராத உழைப்பின் காற்றே! கோப்புக் காட்டுக்குள் வழி கண்ட கூர்மதியே! ஒப்பந்தப் பிரிவின் ஒப்பற்ற கண்காணிப்பாளரே! நகர மன்ற அலுவலகத்தின் நீண்ட தாழ்வாரத்தை நடந்து நடந்தே தேய்த்துப் பளபளப்பாக்கிய பெருமகளே! கடைநிலை ஊழியர் முதல் ஆணையர் வரை ‘சக்கரம் அக்கா’ என்று உரிமையோடு அழைக்க, ‘யாருக்குடா கால்ல சக்கரம்?’ என்று சிரித்துக்கொண்டே திரும்பும் தாயுள்ளமே! வணக்கம், வணக்கம், மீண்டும் வணக்கம்!

இந்தப் பணி நிறைவு மடல் முடியும் வரைக்குமாவது அந்த நாற்காலியில் முழுசாக உட்காருங்கள். நுனியில் வேண்டாம், எழுந்து ஓடப் போகிறவரைப் போல இருக்கிறது. உங்கள் பெருமையை உங்கள் முகத்துக்கு நேரே சொன்னால் நிச்சயம் ஓடிவிடுவீர்கள் என்பதால், கூடியிருக்கும் இவர்களுக்குச் சொல்கிறோம். நீங்கள் வேறு யாரோ ஒருத்தியின் கதை என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருங்கள்.

கேளுங்கள், கண்ணுகளே.

பிறப்பு இறப்புப் பதிவில் தொடங்கி, வரிப் பிரிவில் வளர்ந்து, ஒப்பந்தப் பிரிவுக்கு வந்து சேர்ந்தவர் அக்கா. எந்தப் பிரிவில் இருந்தாலும் அவருடைய நாற்காலி புதுசாகவே இருக்கும். கோப்பை நடந்துகொண்டே படிப்பார். நின்றுகொண்டே குறிப்பு எழுதுவார். ஜன்னல் ஓரம் வரை போய், தெருவைப் பார்த்துவிட்டு, வந்து கையெழுத்துப் போடுவார். “அக்கா, கொஞ்சம் உக்காருங்களேன், எங்களுக்குத் தலை சுத்துது” என்று தட்டச்சர் கெஞ்சினால், “உனக்குத் தலை சுத்துது, எனக்கு மனசு சுத்துது, யாரு முதல்ல நிப்பாட்டறது?” என்பார்.

அவர் மனம் சுற்றியதற்குக் காரணம் இருந்தது. மன்றத்தின் கொள்முதல் விதிகள் அவர் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டவை. தெருவிளக்குத் திரி வாங்குவது எப்படி என்று அதில் ஒரு பக்கம் இருந்தது. கணினி வாங்குவது எப்படி என்று ஒரு வரி இல்லை. போதாக்குறைக்கு, ‘அவசர வேலையை, மன்றத்துக்கு அறிமுகமான நபரிடம் போட்டியின்றி ஒப்படைக்கலாம்’ என்று ஒரு விதி. அந்த ஒரு வாசல் வழியாக ஊரே உள்ளே வந்துவிட்டது. சுவருக்கு வெள்ளை அடிப்பதும் அவசரம், மேசைக்கு விரிப்பு வாங்குவதும் அவசரம்! பள்ளிக்கூடச் சந்தில் சாக்கடை மூடி போட்டவர் மன்றத் தலைவரின் மைத்துனர். போட்ட மறுமழையில் மூடி உடைந்து, தபால் கொண்டுவரும் பெண்ணின் கால் முட்டி வரை உள்ளே போனது. ஏன் உடைந்தது என்று அக்கா கேட்கப் போனார். “யாரைக்கா கேப்பீங்க? போட்டவரும் அவங்க வீடு, சரிபாத்தவரும் அவங்க வீடு” என்று பொறியாளர் கையை விரித்தார்.

அன்றைக்கு ஆரம்பித்தது நடை. விதிகளை அடியோடு திருத்தி எழுதப் புறப்பட்டார் அக்கா. இனி எல்லா வேலைக்கும் பகிரங்க ஒப்பந்தப்புள்ளி. அவசரம் என்றால் என்ன அவசரம் என்று எழுத வேண்டும். மன்றத்தாரின், ஊழியரின் நெருங்கிய உறவினர் ஒப்பந்தம் எடுக்கக் கூடாது. ஊழியர் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டு கழியும் வரைக்கும் கூடாது. தன் உறவினர் சம்பந்தப்பட்ட பேச்சு வந்தால், உறுப்பினர் எழுந்து வெளியே போக வேண்டும்.

எழுதும்போது அவருக்கே தெரியும், அந்தக் கத்தி முதலில் யார் மேல் விழும் என்று. குடிநீர் ஏற்றுநிலையத்தின் மோட்டார்களைப் பல வருடமாகப் பழுது பார்ப்பவர் அக்காவின் கூடப்பிறந்த தம்பி. அவரும் அதே ‘அறிமுகமான நபர்’ வாசல் வழியாக வந்தவர்தான். கைராசிக்காரர், மோட்டாரின் மேல் காதை வைத்தே நோவு சொல்வார். தம்பியின் கோப்பு எதையும் அக்கா தொட்டதில்லை. அது பக்கத்து மேசைக்குப் போகும். அது மட்டுமா? தம்பி மன்ற வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் வீட்டுக்குள் அக்கா கால் வைத்ததில்லை. போவார், வாசலில் நிற்பார், பிள்ளைகளைக் கொஞ்சுவார். தம்பி மனைவி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வருவார். “உக்காருங்க அண்ணி.” “இருக்கட்டும்மா, அவசரமாப் போகணும்.” அந்த நாற்காலி வெறுமனே உள்ளே திரும்பிப் போகும்.

வரைவைப் படித்த தலைவர் அக்காவை அழைத்தார். சிரித்த முகம்தான். “எல்லாம் பிரமாதம் அக்கா. ஒரே ஒரு வரி சேத்துடுங்க, ‘ஏற்கெனவே பணி செய்து வருவோர் நீங்கலாக’ன்னு. மன்றமே கை தூக்கும். உங்க தம்பியும் பொழைச்சுக்குவான்ல?”

அந்த வரி அன்று முழுக்க அக்காவோடு தாழ்வாரத்தில் நடந்தது. சேர்த்தால் விதி நிறைவேறும். ஆனால் சாக்கடை மூடிக்காரரும் அதே நிழலில் ஒதுங்கிக்கொள்வார். சேர்க்காவிட்டால் மன்றம் தோற்கடிக்கலாம். நிறைவேறினாலோ தம்பி வீட்டு அடுப்பில் கை வைத்தது போலாகும். அக்கா ஓய்வு பெறும் மாதமோ நெருங்கிவிட்டது.

மாலையில் தம்பியே அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார், கையில் கிரீஸ் கறையோடு.

“அக்கா, அந்த ஒரு வரி இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?”

“உன் பின்னாடி எத்தனை பேரு அந்த வரில தொங்கிட்டு வருவாங்கன்னு உனக்குத் தெரியாதா?”

“நான் வேலைல குறை வச்சேனா?”

“வைக்கலையே, அதான்டா என் கஷ்டம். நீ ஒரு ஏமாத்துக்காரனா இருந்திருந்தா நான் நிம்மதியா எழுதியிருப்பேன்.”

“நல்லா இருக்கே நியாயம்! ரெண்டு வருஷம் நான் என்ன, மோட்டார் சத்தத்தைக் கேசட்ல போட்டுக் கேக்குறதா?” என்றவர், சிரிக்காமலே போய்விட்டார். அதற்குப் பிறகு வெகு நாள் பேச்சில்லை. அக்கா வாசலுக்குப் போனாலும் நாற்காலி வெளியே வரவில்லை.

மன்றக் கூட்டம் வந்தது. தலைவர் தானே அந்த வரியைச் சேர்க்கச் சொல்லி முன்மொழிந்தார். விளக்கம் சொல்ல எழுந்த அக்கா சொன்னார்: “இந்த வரியால முதல்ல பலன் அடையறது என் தம்பி. அதனால இதப் பத்தி நான் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. நான் வெளிய இருக்கேன்.” விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

ஒரு பெண் உறுப்பினர் மெல்ல எழுந்தார்: “எம் மருமகன் மன்றத்துக்கு ஜல்லி ஓட்டுறான். நான் மட்டும் உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?” அடுத்து ஒருவருக்குச் சகலை குழாய் விற்கிறார், இன்னொருவருக்குப் பெரியப்பா மகன் பெயின்ட் கடை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டாமல் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசியில் தலைவரும் துண்டைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றார். தட்டோடு வந்த கேண்டீன் அம்மா திகைத்துப்போனார். “கூட்டம் உள்ளயா வெளியயா? டீயை நான் எங்க கொண்டு வைக்கிறது?”

உள்ளே மிஞ்சியவர்கள் கூட்டம் நடத்தவே போதவில்லை. கூட்டம் கலைந்தது! இந்தச் சின்ன ஊரில் யார் யாருக்கு மாமன் மச்சான் இல்லை என்பதை, எல்லாவற்றையும் யோசித்த அக்கா யோசிக்க மறந்திருந்தார். தாழ்வாரச் சுவரில் சாய்ந்து, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை. நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன.

மறுநாளே விதியைத் திருத்தினார். உறவுக்காரர் வெளியே போக வேண்டாம். உள்ளேயே இருக்கலாம், ஆனால் பேசவும் கூடாது, கை தூக்கவும் கூடாது. நம் உறுப்பினர்களுக்கு வெளிநடப்பு எளிது, வாயை மூடி உட்கார்ந்திருப்பதுதான் தவம்! இருந்தார்கள், பாவம். முந்தாநாள் கூடிய கூட்டத்தில், உறவு ஒட்டாத சிலர் மட்டும் கை தூக்க, அந்த ஒரு வரி தள்ளுபடியாகி, புதிய விதிகள் ஒரே ஒரு கை அதிகமாகி நிறைவேறின. அந்த ஒரு கை, கூட்டம் தோறும் கண்ணயரும் மூத்த உறுப்பினருடையது. எதை நினைத்துத் தூக்கினீர்கள் என்று கேட்டதற்கு, “அந்தம்மா நடக்கிற நடையப் பாத்து எனக்கே கால் வலிச்சுது. போய் உக்காரட்டும்னு தூக்கினேன்” என்றார்.

உட்கார்ந்தாரா? இல்லையே! வென்ற அன்றும் நடந்தார். தம்பியின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நடந்தார்.

இன்று காலை, ஏற்றுநிலையச் சாவிக்கொத்தை ஒப்படைக்கத் தம்பியே அலுவலகம் வந்தார். எந்த மோட்டார் மழைக்காலத்தில் முரண்டு பிடிக்கும், எந்த வால்வை மெதுவாகத் திருக வேண்டும் என்று பொறியாளரிடம் பொறுமையாகச் சொன்னார். பிறகு அக்காவின் மேசை முன் வந்து நின்றார். அக்கா அவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

“ரெண்டு வருஷத்துக்கு ஆலைப் பக்கம் ஏதாவது பாத்துக்குவேன். கஷ்டந்தான். கோவம் முழுசா போகலை, பொய் சொல்ல மாட்டேன்” என்றார் தம்பி. “ஆனா ஒண்ணு. இனிமே நான் மன்றத்து ஒப்பந்தக்காரன் இல்லை. சாயங்காலத்துக்கு மேல நீயும் அதிகாரி இல்லை. இனி என்ன சாக்கு சொல்லி வாசல்லயே நிப்ப?”

அக்கா ஜன்னலை விட்டுத் திரும்பித் தம்பியைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவசர அவசரமாகக் கோப்புகளில் தலையைக் கவிழ்த்துக்கொண்டோம்.

எங்கள் அக்காவே! கதை முடிந்தது, இனி உங்களிடமே பேசுகிறோம். உங்களுக்காக நாங்கள் வாங்கிய நடைக்காலணி இதோ. பயப்பட வேண்டாம், மூன்று கடைகளில் விலை கேட்டுத்தான் வாங்கினோம்; கடைக்காரர் எவரும் எங்களுக்குச் சொந்தமில்லை. அது நாளைக்கு. இன்று அதைப் போட வேண்டியதில்லை. அலுவலக வாசலில் உங்கள் தம்பி வண்டியோடு காத்திருக்கிறார். அவர் வீட்டில், வருடக்கணக்காக வாசல் வரை வந்து வெறுமனே திரும்பிய நாற்காலி இம்முறை கூடத்தின் நடுவில் போடப்பட்டிருக்கிறதாம். நலமும் வளமும் நீங்காத நெடு வாழ்வு உங்களுக்கு வாய்க்கட்டும்; முதலில், அந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார வாய்க்கட்டும். உட்காருங்கள், அக்கா.

இங்ஙனம்,
உங்கள் காலடிச் சத்தம் கேட்டே நிமிர்ந்து உட்காரப் பழகிய
நகர மன்ற அலுவலக ஊழியர்கள் அனைவரும்