லைன்காரர் ஏறிய கடைசிப் படகு

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, தூண்டில் சங்கத் தோழர்களே!

நான் படகோட்டி, பேச்சாளன் அல்லன். ஆனால் இன்று பேசாமல் இறங்கினால் இனி எனக்குத் தூக்கம் இல்லை.

சங்கத்தின் பயிற்சிப் பொறுப்பாளர், அண்ணியின் கணவர், தூண்டில் நூலாகிய லைனை விற்றே பெயர் வாங்கிய நம் லைன்காரர் மறைந்தார்! அவருடைய தூண்டில் கடையில் நாம் நுழைந்தவுடன் என்ன கேட்பார்? "கம்பைப் பத்தி அப்புறம் பேசலாம். மீன் எத்தனை அடியில நிக்குது? அதச் சொல்லுங்க முதல்ல." வெயில் ஏறினால் மீன் கீழே இறங்கும், மிதக்கும் லைனில் இரையாகக் கட்டிய இறகாலான பொய்ப் பூச்சி மேலேயே கிடக்கும். இதை நமக்குச் சொன்னவர் யார்? பாசி ஓரத்துக்கு மெல்ல மூழ்கும் லைன், ஆழத்துக்கு விரைந்து மூழ்கும் லைன் என்று அளந்து, ஒவ்வொரு சுருளிலும் சீட்டு ஒட்டியவர் யார்? லைன்காரர்!

நம் பல்மருத்துவர் ஒருமுறை விரைந்து மூழ்கும் லைனை நாலடித் தண்ணீரில் வீசி, அடிப்பாசியில் சிக்கவைத்துவிட்டார். "பழக்க தோஷமா டாக்டர்? இங்கயும் புடுங்கிட்டுத்தான் இருக்கீங்க, பாசிய!" என்று லைன்காரர் சிரித்துவிட்டு, தன் சொந்த லைனைக் கழற்றிக் கொடுத்தாரே!

இனிமேல் சொல்வதுதான் எனக்குக் கடினம்.

லைன்காரருக்கு இதய அறுவை நடந்த பின் படகு கூடாது என்றார்கள் மருத்துவர்கள். கரையைத் தாண்ட மாட்டேன் என்று அண்ணியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் இறந்த அன்று காலை என் படகுத்துறைக்கு வந்தார். "ஒரே தடவைப்பா. புது லைன் எவ்வளவு வேகமா இறங்குதுன்னு தெரியாம எப்படி விக்கிறது?" நான் மறுத்தேனா? மறுக்கவில்லை, அண்ணி!

அவர் வீசினார், லைன் இறங்கும் நேரத்தை நான் எண்ணினேன். பத்து எண்ணி இழுத்தார், ஒன்றுமில்லை. இருபது, ஒன்றுமில்லை. "முப்பது எண்ணு. கம்பு நுனிய தண்ணிக்குள்ள வச்சு மெதுவா இழுத்தாத்தான் கடிக்கிறது கைக்குத் தெரியும்." முப்பதில் லைன் விறைத்தது! மீன் என் கைவலைக்கு வந்தது. திரும்பிப் பார்த்தேன், அவர் முகம் வெளுத்திருந்தது. துடுப்புப் போட்டேன், போட்டேன், கரை வரவே இல்லை! ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூச்சில்லை. கரையில் விழுந்தார் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய்!

என்ன அண்ணி? பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, தோழர்களே. அண்ணி சொல்கிறார்: "தெரியும் தம்பி. ஆஸ்பத்திரிக்கு லைஃப் ஜாக்கெட்டோட வந்தாரு. கரையில நிக்கிறவருக்கு அது எதுக்கு? உங்க மேல கோவம் இருக்கு. ஆனா பேசி முடிங்க."

முடிக்கிறேன், அண்ணி. வீட்டாருக்குத் தெரியாமல் இனி எவரையும் ஏற்ற மாட்டேன். சீட்டு ஒட்டாத பதினொரு சுருள்கள் கடையில் இருக்கின்றன. சீட்டில் வேகத்தைத் தப்பாக எழுதிவிடுவேனோ என்று அஞ்சுகிறேன். ஆயினும் அவற்றை அளந்து முடிப்பேன். அதற்காகச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் படகு எடுக்கிறேன். அந்த ஆழத்துக்குத் தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. யாராவது ஒருவர் கூட வாருங்கள்!