கடைசிக் காட்சிக்கு ஓர் ஆள்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை, குடிக்கலாம். நீங்களும் உட்காருங்கள் ஐயா, நிதானமாகவே சொல்கிறேன்.

நான் எடுப்பதெல்லாம் நிஜமாக நடந்த கொலைகளைப் பற்றிய படங்கள். படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள், அப்புறம் கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டு வந்து பார்ப்பார்கள். இந்தத் தடவை, நான்கு பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றவனின் கதை. அவன் இன்னும் பிடிபடவில்லை. அதுதான் என் தலைவலி. ஆளைக் காட்டாமல் படத்தை முடித்தால் ஜனங்கள் நாற்காலியைக் கிழித்துவிடுவார்கள்.

கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் ஒருவரை நீங்களே விசாரித்து, இவர் இல்லை என்று விட்டுவிட்டீர்கள் அல்லவா? வாயில்லாப் பூச்சி. காதல் கதை எடுக்கிறோம் என்று சொல்லி அவர் வீட்டையே வாடகைக்குப் பிடித்தேன். அவர் மனைவி என்னை வாய் நிறைய அண்ணா என்பாள். கொலைகாரனாக நடித்தவருக்குத் தன் புருஷனின் சட்டையை அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடி மட்டும் நாங்கள் வாங்கினோம், அவருடையதைப் போலவே.

படம் வெளியான வாரமே அவள் போன் செய்தாள். "அண்ணா, வாசல்ல ஒரே கூட்டம். கல்லெறியறாங்க. இது வெறும் கதைதான்னு நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா. நீங்க சொன்னா கேப்பாங்க."

அண்ணா என்று கூப்பிட்ட பிறகு போகாமல் இருக்க முடியுமா? கையோடு கேமராமேனையும் அழைத்துக்கொண்டு போனேன். இரண்டாம் பாகத்துக்கு ஒரு கூட்டக் காட்சி வேண்டியிருந்தது. துணை நடிகர்களிடம் அந்த வெறி வரவே வராது, தலைகீழாக நின்றாலும் வராது.

அடையாளம் கண்டுகொண்டு எனக்கு வழிவிட்டார்கள். கடிகாரக்காரரை வாசலுக்கு இழுத்து வந்திருந்தார்கள், சட்டை கிழிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கே கண் கலங்கிவிட்டது.

முன்னால் கட்டையோடு நின்றவன், "சார், நீங்களே சொல்லுங்க. இவன்தானா?" என்று கேட்டான். சத்தம் அடங்கியது. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

இல்லை என்று சொல்லத்தான் போனேன். நான் ஒன்றும் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல. ஆனால் கேமராமேன் எதிர்வீட்டுத் திண்ணையில் ஏறி நின்று, தயார் என்று தலையசைத்தான். வெளிச்சம் வேறு போய்க்கொண்டிருந்தது ஐயா.

"ஆமா" என்றேன்.